ஜீவா என்ற வெளிச்சம்

தேதி குறித்து எழுதப்பட்ட எதிர்காலக் கதைகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. அந்தத் தேதி ஒருநாள் வந்துவிடும். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'ஸ்டார் டிரெக்'கில் 1967-ல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தின் வில்லன் கான், மரபணுவை மாற்றி உருவாக்கப்பட்ட அதிமானுடன். 1992 முதல் 1996 வரை ஆசியா தொடங்கி உலகின் கால்பங்கை அவன் ஆண்டதாகக் கதை. நம் வட இந்தியப் பக்கத்து சீக்கியன் என்று ஊகிக்கப்படும் அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் மெக்சிகோக்காரரான ரிக்கார்டோ மோண்டல்பான். எண்பதுகளில் 'ஸ்டார் டிரெக்' நம் தூர்தர்ஷனிலும் வந்தது. 1992-ம் வந்தது. கான் வரவில்லை, நரசிம்ம ராவ் ஆண்டுகொண்டிருந்தார்.

தமிழில் அப்படித் தேதி கடந்த கதை என்றால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. எண்பதுகளில் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் தொடராகவும் ஆன கதை. அது நடப்பதாகச் சொன்ன 2021, 2022 இரண்டையும் நாம் கடந்துவிட்டோம். கொரோனாவுக்கு இரண்டாவது ஊசியா, பூஸ்டரா என்று பேசியபடியே கடந்தோம். இப்போது அதைத் திரும்பப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு மதிப்பெண் பட்டியலோடு உட்காருகிறார்கள். எது பலித்தது, எது பொய்த்தது என்ற கணக்கு. அது அவ்வளவாகச் சுவையில்லாத வேலை. சோதிடருக்கு வேண்டுமானால் அந்த மார்க் போடலாம். கதைக்காரர் எந்த ஊரில், எந்த வருடத்தில் நின்றுகொண்டு அப்படி யோசித்தார் என்று பார்த்தால்தான் கதை பிடிபடும்.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கம். இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் நிலா என்ற பெண்ணின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டில் தங்க ரவி என்பவன் வருகிறான், கூடவே ஜீனோ என்ற இயந்திர நாய். ரவியும் அவன் நண்பன் மனோவும் ஜீவாவை ஒழிக்கத் திட்டம் போடும் புரட்சிக்காரர்கள் என்று தெரியவருகிறது. நிலா அந்தத் திட்டத்தின் கருவியாகிறாள். கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஒருவர் கிடையாது. வெறும் ஹோலோகிராம், லேசர் ஒளியில் செய்த உருவம். அந்த இடத்தில் நிலா அரசியாக அமர்த்தப்படுகிறாள். அவளை ஆட்டிவைக்க விரும்புகிறவர்கள் ரவியும் மனோவும்தான். மிச்சக் கதை 'மீண்டும் ஜீனோ'வில்.

வாசகர்கள் நாயை நினைவில் வைத்துக்கொண்டு ஜீவாவை மறந்துவிட்டார்கள். இந்தக் கதைக்கு நேர்ந்த விபத்து இதுதான் என்பது என் எண்ணம். மயிலாப்பூரிலோ அடையாறிலோ நாற்பது ஐம்பது வயதுக்காரர் யாரிடம் பேச்செடுத்தாலும் முகம் மலர்ந்து 'ஜீனோ!' என்பார். மேலே கேட்டால் புத்தகம் படிக்கும், கிண்டலடிக்கும், கடைசியில் நிலா பக்கம் நிற்கும் என்பதோடு முடித்துக்கொள்வார். அதற்குக் காரணம் உண்டு. தமிழில் இயந்திரம் அதுவரை பயமுறுத்தியது அல்லது கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது. கூடப் பேசி அரட்டையடித்தது ஜீனோதான். பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடரில் கே-9 என்ற இயந்திர நாய் 1977-லேயே வந்துவிட்டது. அது எல்லாம் தெரிந்த, கொஞ்சம் திமிர் பிடித்த குமாஸ்தா மாதிரி. ஜீனோ வேறு ஜாதி. படித்துப் படித்துத் தனக்கென்று ஒரு சிந்தனையை வளர்த்துக்கொள்ளும் பிராணி அது. 1999-ல் சோனி விற்ற ஐபோ நாயைக் காட்டி 'அன்றே சொன்னார் சுஜாதா' என்று அப்போது எழுதினார்கள். ஐபோ வாலாட்டியது, பந்தைத் துரத்தியது. ஜீனோவின் வேலை அதுவல்ல. கிடைத்த எழுத்தையெல்லாம் விழுங்கிவிட்டு, கேட்ட கேள்விக்கு மனிதர் மாதிரி வாக்கியம் அமைத்துப் பதில் சொல்கிறதே இன்றைய கைப்பேசிச் செயலி, அதுதான் ஜீனோவுக்கு நெருங்கிய உறவு. உடம்பை விட்டுவிட்டுக் குரல் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

நாயை இங்கே கட்டிவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

முதலில் எண். கதை தொடராக வந்த காலத்தில் ரயில் முன்பதிவு அப்போதுதான் கணினிக்கு மாறத் தொடங்கியிருந்தது. தொலைபேசிக்கு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். ரேஷன் அட்டை மஞ்சளேறி மடிப்பில் கிழிந்திருக்கும். அந்த வாசகருக்கு, நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், அதைத் தட்டினால் ஆளின் ஜாதகமே வரும் என்பது சுத்தமான கற்பனை. 2010 செப்டம்பர் 29-ம் தேதி மகாராஷ்டிரத்தின் தெம்ப்ளி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. இன்று அந்தப் பன்னிரண்டு இலக்கம் இல்லாமல் கேஸ் மானியம் வராது. பான் அட்டை செல்லாது. 2018-ல் உச்ச நீதிமன்றம் திட்டத்தை ஏற்றுக்கொண்டு, தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்க வழிசெய்த பிரிவை வெட்டியது. கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாமும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சுஜாதா கற்பனை செய்த அரசு திறமையானது. அதன் பயங்கரமே அந்தத் திறமைதான். நமக்கு வாய்த்ததைப் பார்க்க மந்தைவெளிப் பக்கம் ஏதாவது ஒரு ரேஷன் கடை போதும். தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி கருவியில் கட்டை விரலை வைக்கிறார். ஏற்கவில்லை. "முந்தானையில துடைச்சிட்டு வைங்கம்மா" என்கிறார் கடைக்காரர். துடைத்து வைக்கிறார். இல்லை. வரிசையில் பின்னால் நிற்கும் பெண் யோசனை சொல்கிறாள்: "கட்ட விரல் வேணாம் பாட்டி, நடு விரல் வைங்க. எங்க மாமியாருக்கு அதுதான் விழும்." விழவில்லை. பாத்திரம் தேய்த்தே ரேகை அழிந்துவிட்டது என்று பாட்டியே தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்கிறார். கடைசியில் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கடைக்காரர் அரிசி போட்டுவிடுகிறார். ஜீவாவின் நாட்டில் இயந்திரம் உங்களை நொடியில் கண்டுபிடித்துவிடும். நம் நாட்டில் இயந்திரம் உங்களைத் தெரியாது என்று சொல்லும், பக்கத்தில் நிற்கும் மனிதர் தெரியும் என்று சொல்லிச் சமாளிப்பார். அவர் இரக்கப்பட்டால் சரி. இல்லாவிட்டால் அடுத்த நாள்.

இரண்டெழுத்துப் பெயர் விஷயம் இன்னும் சுவாரசியமானது. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா என்று எல்லாம் இரண்டே எழுத்து. நாய்க்கும் அதே சட்டம்தான். வேற்று மொழி வாசகருக்கு இது அடையாளத்தைப் பறிக்கும் கொடுமையாக மட்டும் தெரியும். தமிழ் வாசகருக்கு அப்படி ஒரே பக்கமாகத் தெரிய முடியாது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானம் போட்டது. பெயரின் வாலை வெட்டுவதை விடுதலை என்று கொண்டாடிய மாநிலம் இது. ஊர் பெயரும் அப்பா பெயரும் ஏற்கனவே ஓர் எழுத்தாகச் சுருங்கி இனிஷியலாகியிருந்தன. நாமே கொஞ்சம் வெட்டியிருந்த பெயரில், ஜீவா மிச்சத்தையும் உத்தரவு போட்டு வெட்டுகிறார். சாதியும் ஊரும் தெரியாத பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் உட்கார்ந்துகொண்டது. சாதி போய்விட்ட பிறகு ஜீவாவின் நாட்டில் மேல் கீழ் எப்படி இருக்கும் என்று சுஜாதா இறங்கி யோசித்திருந்தால் கதை வேறு எங்கோ போயிருக்கும். அவர் அதற்குள் போகவில்லை. இன்று படிக்கும்போது அது பெரிய குறையாகத்தான் தெரிகிறது. எஸ். ரங்கராஜன் என்ற தன் பெயர், குமுதத்தில் இருந்த ரா.கி. ரங்கராஜனோடு குழம்பக் கூடாது என்று மனைவியின் பெயருக்குள் போய் ஒளிந்துகொண்டவர் எழுதிய கதை இது என்பதையும் ஓரமாகக் குறித்துவைக்கலாம்.

பிள்ளை பெற அனுமதி என்ற யோசனைக்கு அவர் எதிர்காலத்துக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை. சுவரெங்கும் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் இருந்த காலம். நெருக்கடி நிலையின்போது 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாட்டில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. பல இடங்களில் கட்டாயமாக. சீனாவில் ஒரு பிள்ளைக் கொள்கை நடந்துகொண்டிருந்தது. எதிர்காலம் என்றால் கூட்டம், கூட்டம் என்றால் கட்டுப்பாடு என்றே அன்று எல்லோரும் நினைத்தார்கள், சுஜாதாவும்தான். நடந்தது தலைகீழ். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு சராசரி 1.8 பிள்ளை. மக்கள்தொகை தன்னைத் தானே ஈடுகட்டிக்கொள்ளத் தேவையான 2.1-க்குக் கீழே. 2024 அக்டோபரில் சென்னையில் அறநிலையத் துறை நடத்திய திருமண விழாவில், நாடாளுமன்றத் தொகுதிகள் குறையப்போகும் நிலையில் பதினாறு செல்வம் என்பதைப் பதினாறு பிள்ளை என்று எடுத்துக்கொண்டால் என்ன என்று அன்றைய முதல்வர் ஸ்டாலின் பாதி வேடிக்கையாகக் கேட்டார். நிலா அனுமதிச் சீட்டு வாங்கியிருக்க வேண்டிய வருடங்களுக்குச் சற்றுப் பின்னால் நடந்தது அது.

இனி யாரும் அதிகம் பேசாத ஒரு பொருத்தத்துக்கு வருகிறேன். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்த இயந்திரம் முதலில் களமிறங்கியது 1982 மே மாதம், கேரளத்தில் பரவூர் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில். தோற்றவர் வழக்குப் போட்டார். 1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் வாக்குச்சீட்டு என்றுதான் இருக்கிறது, இயந்திரத்துக்கு இடமில்லை என்று அந்த வாக்குகளைச் செல்லாதாக்கியது. சட்டத்தைத் திருத்தியது 1988 டிசம்பரில்தான். நாடு முழுக்க இயந்திரத்தாலேயே மக்களவைத் தேர்தல் நடந்தது 2004-ல். ஆக, எண்பதுகளின் நடுவில் அந்த இயந்திரம் சும்மா கிடந்தது. அது சும்மா கிடந்த காலத்தையொட்டித்தான், அதைச் செய்தவர்களில் ஒருவர், இயந்திரங்கள் நிறைந்த, தேர்தல் இல்லாத ஒரு நாட்டைப் பற்றி விகடனில் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நான் சொல்லவரவில்லை. எழுத்தாளர் மனம் அப்படி நேர்கோட்டில் வேலை செய்வதில்லை. ஆனால் ஜனநாயகத்துக்குப் பொத்தான் செய்து கொடுத்த ஒருவருக்கு, பொத்தானே ஜனநாயகமாகிவிடாது என்பது மற்றவர்களைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஜீவாவின் நாட்டில் பொத்தான்களுக்குப் பஞ்சமில்லை.

ஜீவாவுக்கு வருவோம். தலைவர் உண்மையில் இருக்கிறாரா என்ற சந்தேகம் ஆர்வெல்லின் '1984' நாவலிலேயே உண்டு. அங்கிருந்து எடுத்தார் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் தமிழ்நாட்டுக்காரருக்கு இல்லை. 1984 அக்டோபரில் முதல்வர் எம்.ஜி.ஆர். நோயுற்று சென்னை அப்பல்லோவில் சேர்க்கப்பட்டார். அடுத்த மாதம் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். டிசம்பரில் தேர்தல். அவர் இங்கே இல்லை. ஆண்டிப்பட்டியில் அவர் பெயரில் மனு தாக்கலானது. இருக்கிறாரா இல்லையா என்ற வதந்திக்குப் பதிலாக, மருத்துவமனையில் அவர் சாப்பிடுவதையும் பத்திரிகை படிப்பதையும் வீடியோ எடுத்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். ஒரு கூட்டத்தில்கூடப் பேசாமல், தொகுதிக்குள் கால் வைக்காமல், திரையில் மட்டும் தோன்றி அவர் ஜெயித்தார். கட்சியும் ஜெயித்தது. 1985 பிப்ரவரியில்தான் ஊர் திரும்பினார். எம்.ஜி.ஆர். உயிரோடு இருந்தார், மக்கள் அவரை மனதார விரும்பினார்கள், அதில் மோசடி ஏதுமில்லை. ஜீவாவோடு அவரை ஒப்பிடுவது அநியாயம். நான் சொல்வது வாசகரைப் பற்றி. எண்பதுகளின் நடுவில் விகடன் பக்கத்தைப் புரட்டிய ஒருவருக்கு, வெளிச்சத்தால் ஆன தலைவர் ஒரு மாநிலத்தை ஆள முடியுமா என்று கேட்டால் சிரிப்பு வந்திருக்காது.

கதை தொலைக்காட்சிக்கு வந்தபோது இன்னொரு முடிச்சும் சேர்ந்தது. சாலிடேர், டயனோரா டிவிப் பெட்டிகள் சென்னையிலேயே தயாராகி வரவேற்பறைகளில் ஷட்டர் போட்டு மூடி வைக்கப்பட்டிருந்த காலம் முடிந்து, கலர் டிவி பரவிய நேரம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 முதல் இயங்கியது. சேப்பாக்கத்தில் சுவாமி சிவானந்தா சாலையில் நிலையம். தமிழில் தனியார் தொலைக்காட்சி அப்போது வேரூன்றவில்லை. சன் டிவியே 1993 ஏப்ரலில்தான் பிறந்தது. தூர்தர்ஷனை அரசின் பிடியிலிருந்து விடுவிப்பதாகச் சொன்ன பிரசார் பாரதி சட்டம் 1990-ல் நிறைவேறியும் 1997 வரை அமலுக்கு வரவில்லை. அதாவது, திரையில் தோன்றும் உருவத்தால் மக்களை ஆளும் அரசைப் பற்றிய கதையை, அரசே நடத்திய திரை, மக்களுக்குக் காட்டியது. அன்று யாரும் இதில் ஒரு முரண் இருப்பதாக நினைத்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கான கதை, நாய் வருகிறது என்று விட்டிருப்பார்கள். விஞ்ஞானக் கதைக்கு இப்படி ஒரு சௌகரியம் எப்போதும் உண்டு. பொம்மையைப் பார்த்துவிட்டுக் காவல்காரர் கதவைத் திறந்துவிடுவார்.

தொடராகப் பார்த்ததில் ஓர் இழப்பும் இருந்தது. ஜீவா ஹோலோகிராம் என்று நாவலில் தெரியவரும்போது, அதுவரை நம் மனம் அவருக்கு ஓர் உடம்பைக் கற்பனை செய்து வைத்திருக்கும். அது உடைவதுதான் அதிர்ச்சி. டிவியில் எல்லோருமே ஏற்கனவே வெளிச்சப் பொட்டுகள். செய்தி வாசிப்பவரும், பிரதமரும், ஜீவாவும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் ஒரே அளவில்தான் தெரிவார்கள். எதை உடைத்துக் காட்டுவது? அதனால்தான் மறுபார்வை என்று நான் உட்காரும்போதெல்லாம் தி. நகர் விசா பப்ளிகேஷன்ஸ் போட்ட புத்தகத்துக்கே போகிறேன்.

பிறகு நடந்தது நாடறிந்தது. 2012 குஜராத் தேர்தலிலும் 2014 மக்களவைத் தேர்தலிலும் மோடி முப்பரிமாண ஒளியுருவாக ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் தோன்றிப் பேசினார். அது உயிரோடு இருப்பவரின் நிழல். தமிழ்நாடு இன்னும் ஒரு படி ஏறியது. 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவில் கருணாநிதி திரையில் தோன்றினார். கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டு, அதே கரகரத்த குரல். பாலுவை வாழ்த்தி, மகன் ஸ்டாலினின் ஆட்சியையும் பாராட்டினார். அவர் மறைந்தது 2018 ஆகஸ்டில். செயற்கை நுண்ணறிவால் செய்த உருவம். 2024 பிப்ரவரி 24-ம் தேதி, ஜெயலலிதாவின் பிறந்தநாளில், அவர் குரலிலேயே ஒரு புதிய உரையை அ.தி.மு.க. வெளியிட்டது. அவர் மறைந்து ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டுமே ஒளிவுமறைவாகச் செய்ததல்ல. செயற்கை நுண்ணறிவு என்று எல்லோருக்கும் தெரியும்.

இங்கேதான் சுஜாதாவின் கதையும் நம் நடப்பும் பிரிகின்றன. ஜீவா நிஜமில்லை என்று தெரிந்த கணத்தில் அவர் ஆட்சி முடிந்துவிடும் என்று நாவல் நம்புகிறது. ரகசியம் வெளிப்பட்டால் அதிகாரம் சரியும் என்பது ஓர் அறிவியல்காரரின் நம்பிக்கை. நாமோ நிஜமில்லை என்று தெரிந்துகொண்டே கேட்கிறோம், நெகிழ்கிறோம், வாட்ஸாப்பில் அனுப்புகிறோம். அம்மா குரல் மாதிரியே இருக்கிறது என்று வியப்பவருக்கு அது அம்மா இல்லை என்று சொல்லிப் பாருங்கள். தெரியும் என்பார்.

ஆனால் நாவல் அந்த இடத்தோடு நின்றுவிடவில்லை என்பதால்தான் அதை இன்னும் எடுத்துப் பேச முடிகிறது. ஹோலோகிராமை அணைத்தவர்கள் அந்த நாற்காலியைக் காலியாக விடவில்லை. சதையும் ரத்தமுமான ஒரு பெண்ணை, பார்க்க நல்லவளாக, பாவமாக, கணவனைத் தொலைத்தவளாக, மக்கள் இரக்கப்படக்கூடிய ஒருத்தியை உட்கார வைக்கிறார்கள். ஒளியுருவம் செய்த வேலையை உயிருள்ளவளிடம் எதிர்பார்க்கிறார்கள். கையசைக்க வேண்டும், சிரிக்க வேண்டும், எழுதிக் கொடுத்ததை வாசிக்க வேண்டும்.

நிலாவைப் பற்றி இன்றைய வாசகிகளுக்குப் புகார்கள் உண்டு, நியாயமானவை. அழுகிறாள், நம்புகிறாள், ஏமாறுகிறாள். ஓர் ஆண் காணாமல் போக இன்னோர் ஆண் வழிநடத்துகிறான், சமயத்தில் நாயும் புத்தி சொல்கிறது. அவளை வருணிக்கும் இடங்களில் அந்தக் காலத்துச் சுஜாதாவின் கண் எங்கே போகும் என்று அவர் வாசகர்களுக்குத் தெரியும். 1991 ஜூனில் முதல்வராக வந்த ஜெயலலிதாவைப் பார்த்த தமிழ்நாட்டுக்கு, ஆட்டுவித்தபடி ஆடும் அரசி நம்பும்படியாகவே இருந்திருக்காது. அவரையும் ஆட்டிவைக்கலாம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் கதி என்ன ஆயிற்று என்பது வேறு கதை. ஆனால் பொம்மையாக இருக்கச் சம்மதிக்காத பெண் என்ற அந்தக் கருவை சுஜாதா கைவிடவில்லை. 'மீண்டும் ஜீனோ' முழுக்க அதுதான். முதல் பாகத்தின் வேகமும் திகைப்பும் அதில் குறைவு என்பதால் பலர் பாதியில் வைத்துவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் படித்தால், நாயும் பெண்ணும் ஏன் ஒரே பக்கம் சேர்கிறார்கள் என்பது விளங்கும். இருவருமே மற்றவர் உபயோகத்துக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள். ஜீனோவை ரவி கொண்டுவந்தான். நிலாவையும் ரவிதான் கொண்டுவந்தான்.